மூவாயிரத்துக்கு ஒரு குமிழி

நாரினிலிருந்து கோச்கோர் போகும் பாதையில்
எனக்கு நான்கு இடத்துத் தண்ணீர் தெரியும்.
பாலத்தடி ஓடை,
சாலை போடுகிறவர்களின் நீலப் பீப்பாய்,
தொலோன் கணவாய்க்கு முந்தைய வளைவில்
பாறை கசிகிற இடம்,
இறக்கத்தில் பெர்மெத்தின் கூடாரம்.
மற்ற ஓட்டுநர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.
அவர்களுடைய கார்களுக்குத் தாகம் இல்லை.

முள் சிவப்பைத் தொடுமுன் ஓரங்கட்டுவேன்.
"இறங்குங்க, காலை நீட்டிக்கங்க" என்பேன்
ஏதோ உபசாரம் செய்கிறவளைப் போல.
துணி போட்டு மூடியைக் கால் சுற்றுத் திருகி
அது சீறி முடிக்கும்வரை
மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.
மூவாயிரம் மீட்டர் உயரத்தில்
தண்ணீருக்கும் பொறுமை கம்மி,
தொண்ணூறிலேயே கொதித்துவிடுகிறது.

ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள்.
கடுகுத்தூள் கரைத்து ஊற்று என்றார்
பின்சீட்டிலிருந்த கணக்காளர்.
முட்டை வெள்ளை, என்றாள் கல்யாணத்துக்குப் போகிறவள்.
விற்றுவிடு, என்றான் ஒரு மாணவன், போனிலிருந்து நிமிராமல்.

துர்துகுல் அதைக் கழற்றி
குளியல்தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்தான்.
ஒரு குமிழி.
அப்புறம் இன்னொன்று.
அப்புறம் எண்ண முடியவில்லை.
பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் விளிம்பில்
மயிரிழை போலப் பிளவு.
"பித்தளைன்னா பத்த வெச்சிருப்பேன்க்கா.
இதுல ஈயம் நிக்காது. பசை போடலாம், பிடிக்கும்.
எத்தனை நாளுன்னு மட்டும் கேக்காதீங்க."

பசைக்கு எண்ணூறு சோம்.
புதியது ஒன்பதாயிரம், பிஷ்கெக்கிலிருந்து வரவேண்டும்.
நொறுங்கிப்போன இன்னொரு பாஸாட்டிலிருந்து எடுத்தது
மூவாயிரம், அதோ சுவரில் சாய்ந்திருக்கிறது.

எண்ணூறு என்றதும் கை பைக்குள் போய்விட்டது.
மகனுக்குக் குளிர்காலப் பூட்ஸ் வாங்கவேண்டும்.
ஆனால் செப்டம்பர் முடிகிறது.
கோடை முழுக்க வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி
உள்ளே இருந்த பச்சையை வெளிற வைத்தவள் நான்.
உறையும் இரவு ஒன்று போதும்,
பனிக்கட்டி வீங்கி என்ஜினைப் பிளக்க.
பசை பிடித்துப் புது மருந்து ஊற்றினாலும்
அது விட்டுக்கொடுக்கும் நாளில்
மறுபடி வாசலில் பச்சையாகச் சொட்டும்.
போன வசந்தத்தில் பக்கத்து வீட்டு நாய்
அதை நக்கப் போனதைப் பார்த்தேன்.
இனிக்குமாம் அந்த விஷம்.
செருப்பை எறிந்து விரட்டினேன்.
நாய் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை.

மூவாயிரத்தை எடுத்தேன்.

அதன் செதில்களில்
யாரோ ஓட்டிய கோடை அப்பிக் கிடந்தது.
ஒரு வெட்டுக்கிளிக் கால்,
மஞ்சளாய்ப் பாதிச் சிறகு,
இந்தப் பக்கத்தில் நான் பார்த்தேயிராத வண்டின் ஓடு.
பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன்.
பிறகு தொட்டியில் அமிழ்த்தினோம்.
ஒரே ஒரு குமிழி
அவசரமில்லாமல் மேலே வந்தது.
"செதில்ல தங்கின காத்து" என்றான் துர்துகுல்.
நம்பினேன்.
மூவாயிரத்துக்கு அவ்வளவு நம்பலாம்.

முதல் சவாரியில் முள் நடுவில் நின்றது,
ஆணி அடித்தாற்போல.
ஓடையைத் தாண்டினோம், பீப்பாயைத் தாண்டினோம்,
பாறை தன் பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது.
பின்னால் நான்கு பேரும் தூங்கினார்கள்.
இத்தனை சீக்கிரம் கணவாய் ஏறியதில்லை.

கூடாரத்தைக் கடந்த பிறகுதான்
கண்ணாடியில் பெர்மெத்தைப் பார்த்தேன்.
என் கார் வரும் புழுதியைப் பார்த்து
கெண்டியோடு முன்கூட்டியே வந்து நிற்கிறாள்.
மேசையில் வெள்ளைத் துணி, அதன்மேல் உலர்தயிர் உருண்டைகள்.
என் ஒழுக்கலை வைத்து
ஒரு கோடை வியாபாரம் செய்திருக்கிறாள்,
நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இருநூறு மீட்டர் ரிவர்ஸ் எடுத்தேன்.
பயணிகள் விழித்தார்கள்.
"இறங்குங்க, காலை நீட்டிக்கங்க."
சும்மாவே பானட்டைத் திறந்தேன்.

"இன்னும் ஒழுகுதா?"
"பாக்கணும்" என்றேன்.
கெண்டியை வாங்கி நானே குடித்தேன்.
பல் கூசியது.
குனிந்து பார்த்தபோது
மண்ணில் ஒரு சொட்டு ஈரம்.
கெண்டியிலிருந்து சிந்தியதாக இருக்கும்.